சென்னையில் மால் வேண்டாம், ஒரே சுற்றில் விதவிதமான கடைகளும் சாப்பாடும் பார்க்க எங்கே போகலாம்?

மயிலாப்பூர் மாட வீதி. கபாலீஸ்வரர் கோயிலையும் தெப்பக்குளத்தையும் சுற்றி வந்தால் அவ்வளவுதான், நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நான் இதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்ததே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி உற்சாகம் போய்விடும். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வந்துவிடலாம்.

காலையில் வெறும் வயிற்றோடு கிழக்கு மாட வீதியில் ஆரம்பியுங்கள். கற்பகாம்பாள் மெஸ் அங்கேதான் இருக்கிறது. பலரும் நெய் தோசைக்குப் போவார்கள், என் ஓட்டு கீரை வடைக்கு. பக்கத்துப் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயர்ப்பலகை எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், ஒரு வீட்டு ஜன்னல், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டு வரும், தெருவில் நின்றே சாப்பிட வேண்டியதுதான்.

தெற்கு மாட வீதி காய்கறிக்கு. நம்ம ஏரியா சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கவே முடியாத சுண்டைக்காய், பச்சை மிளகு, சீசனில் மாகாளிக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். (மாகாளியை முகர்ந்தால் மூட்டைப்பூச்சி வாசனை அடிக்கும், ஆனால் அந்த ஊறுகாய்க்கு என் மாமியார் சொத்தையே எழுதி வைப்பார்.) போன தடவை சும்மா விலை கேட்கலாம் என்று குனிந்தேன், கடைக்கார அம்மா அதற்குள் ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டி "நார் இல்ல பாரு கண்ணு" என்றார், அப்புறம் எப்படி வாங்காமல் வர?

மேற்கே ராமகிருஷ்ண மடம் சாலை, ஒரே பஸ் இரைச்சல், வேகமாகக் கடந்துவிடுங்கள்.

வடக்கு மாட வீதிதான் எனக்குப் பிடித்தது. ஒரு பக்கம் பட்டுப்புடவை, அடுத்து பரதநாட்டியக்காரர்களுக்கான கெம்புக்கல் நெற்றிச்சுட்டி, ராக்கொடி, அதன் வாசலிலேயே கையால் முழம் போட்டுப் பூ விற்பவர். யோசித்துப் பார்த்தால் இங்கே எல்லாக் கடையும் கோயிலைப் பிடித்துக்கொண்டுதான் பிழைக்கிறது, அதனால் பஞ்சாங்கம் மாறினால் தெருவே மாறிவிடும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும், நவராத்திரிக்கு நடைபாதை முழுக்கக் கொலு பொம்மை. மூன்று வருஷம் முன்னால் கல்யாண செட் ஒன்று பேரம் பேசி வாங்கினேன், மண் பொம்மை, வீட்டுக்கு வருவதற்குள் மாப்பிள்ளைக்கு மூக்கு போய்விட்டது. தூரத்திலிருந்து வருபவர்கள் காகிதக் கூழ் பொம்மையாகக் கேட்டு வாங்குங்கள், கனமும் குறைவு.

கொஞ்சம் தள்ளிக் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை. 1885-இலிருந்து இருக்கும் நாட்டு மருந்துக் கடை, சரக்கெல்லாம் தகர டப்பாவில் வைத்து விற்றதால் இந்தப் பெயர். தீபாவளி லேகியத்துக்கு என்ன என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பிரசவ மருந்தும் அப்படித்தான்.

கடைசியாகக் காளத்தி ரோஸ்மில்க். 1927-இல் தொடங்கியது, பேருக்கு அது இன்னமும் பேப்பர் கடை. ஒரு பக்கம் வாரப் பத்திரிகைகள் தொங்கும், இந்தப் பக்கம் ஜில்லென்று ரோஸ் கலரில் டம்ளர். குடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், பின்னால் ஆள் நிற்பார்.

பிரதோஷத்தன்று சாயங்காலமும், பங்குனியில் அறுபத்து மூவர் அன்றும் மட்டும் கடை பார்க்கும் எண்ணத்தோடு போகாதீர்கள், கால் வைக்க இடம் இருக்காது. அறுபத்து மூவருக்கு சாமி பார்க்கப் போங்கள், அது வேறு கதை. துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதாது.