வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மேடம், அப்பா போன வருஷம் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. சர்வீஸில் இருந்தபோது லோன் போட்டு அவர் கட்டிய வீடு ஒன்றுதான் சொத்து. அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். பெரிய அண்ணன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டாராம். "உனக்குத்தான் 30 பவுன் போட்டாச்சே, வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்கிறார். மறுத்தால் பிறந்த வீட்டு உறவே இல்லை என்கிறார்கள். வக்கீல் வைக்க என்னிடம் வசதி இல்லை.
- வாசகி, கும்பகோணம்

பதில்: வெள்ளிக்கிழமை போகாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம். விடுதலைப் பத்திரம் என்பது சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம், அது பதிவானால் உங்கள் பங்கு அன்றோடு போயிற்று. மிரட்டி வாங்கினார்கள், ஏமாற்றி வாங்கினார்கள் என்று பிறகு சிவில் கோர்ட்டில் நிரூபிப்பது வருஷக்கணக்கில் இழுக்கும். "தொகை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருப்பதைப் படிக்காமலேயே, பத்து பைசா வாங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 பொருந்தும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன் (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கணக்கு வேறு). அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை. அப்படியானால் மனைவி, மகன்கள், மகள், நாலு பேருக்கும் சமமாக ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தப் பங்கில் கழியாது. 1989-க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று யாராவது சொன்னால், அது பூர்வீகச் சொத்து பற்றிய பழைய கதை. 2005 சட்டத் திருத்தமும் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அதையும் மாற்றிவிட்டன. உங்கள் வீட்டுக்கு அந்தக் கேள்வியே எழாது.

பட்டாவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வருவாய்த்துறைப் பதிவு, அதனால் மட்டும் அண்ணன் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். உங்களைக் கேட்காமல் மாற்றியதை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது, பதிவுத்துறை இணையதளத்தில் அந்த வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது. இலவசமாகவே பார்க்கலாம். அம்மாவிடம் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வாங்கிப் பதிவு செய்திருந்தால் அதில் தெரிந்துவிடும். கூடவே வாரிசுச் சான்றிதழ் நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் நகல், இந்த மூன்றையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோதுதான் மனசு கனத்துப் போனது. ஏனென்றால் உங்களுக்குப் பணமே தேவையில்லை, அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் தர வேண்டும். தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். வெள்ளைத் தாளில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். வழக்குப் போடுவதற்கு முன்பாகவே அண்ணன்களுக்கு நோட்டீஸ் அனுப்பிப் பேசவைக்க அவர்களால் முடியும். லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அண்ணன்களோடு உறவும் வேண்டும், பங்கும் வேண்டும் என்று நினைக்கிற உங்களுக்கு இந்த வழிதான் சரி என்று எனக்குப் படுகிறது. எல்லாம் பேசித் தெரிந்துகொண்ட பிறகு, அம்மாவுக்காகவோ அண்ணனுக்காகவோ மனதார விட்டுக்கொடுத்தால் அது உங்கள் விருப்பம்.

கேள்வி: எனக்கு 72 வயது. வீட்டை மகன் பெயருக்கு இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடலாமா, உயில் எழுதுவது நல்லதா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஐயா, உயில் எழுதுங்கள். செட்டில்மெண்ட் பதிவான அன்றே வீடு மகனுடையதாகிவிடும். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும், மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். முத்திரைத்தாள் தேவையில்லை, சாதாரணத் தாள் போதும். இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உயில்படி சொத்து பெறப் போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். உங்களைவிட இளையவர்களாக, ஊரில் தேடினால் கிடைக்கிறவர்களாக இருக்கட்டும், நாளைக்குத் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் மனைவி இருக்கும்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவருக்கு என்று ஒரு வரி தனியாக எழுதுங்கள், அதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் பூர்வீகப் பங்கு ஏதாவது கலந்திருந்தால், உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும்.

மகன் வற்புறுத்தி செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால், உங்கள் இருவரையும் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து அவர் கவனிக்காவிட்டால், மூத்த குடிமக்கள் சட்டம், 2007-ன் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டு ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டவர்கள் படும் பாடு பெரும்பாடு.

கேள்வி: கணவரின் வங்கி டெபாசிட்டுக்கு அவருடைய தம்பி நாமினி. பணம் முழுவதும் அவருக்கா?
- வாசகி, ஓசூர்

பதில்: இல்லை. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும், ஆனால் அவர் அதை வாரிசுகளுக்காக வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான். உங்கள் கணவர் உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பணம் உங்களுக்கும், பிள்ளைகளுக்கும், மாமியார் இருந்தால் அவருக்கும் சமமாகச் சேரும். கொழுந்தனாருக்கு அதில் பங்கு இல்லை. அவர் வாங்கிச் செலவழித்துவிடுவார் என்ற பயம் இருந்தால் தாமதிக்காமல் வழக்கறிஞர் மூலம் கோர்ட்டில் தடை உத்தரவு கேளுங்கள். மேலே சொன்ன 15100 உங்களுக்கும்தான்.