மகளுக்கு முறை வரும்வரை காத்திருக்கலாம். நீங்கள் காத்திருக்கக் கூடாது

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அணைக்கரைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாத்தனார் மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. எங்கள் பக்கம் கேட்டால் “வரும், சொல்கிறோம்” என்கிறார்கள். கும்பகோணத்தில் காசு கொடுத்துப் போட்டுவிடலாமா? ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, ஆந்திராவில் ஏழு பெண்கள் செத்தார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே? விலக்கு நாளில் போடலாமா? என் அம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் போனார். எனக்கு 49 வயது. விலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை லேசாகக் கறை பட்டது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் நின்றுவிட்டது. எனக்கும் இந்த ஊசியைப் போடலாமா?
– வாசகி, திருப்பனந்தாள் அருகே

பதில்: கடைசியில் எழுதியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மகளைப் பற்றி அவ்வளவும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் உங்கள் கறையைச் சொல்லியிருக்கிறீர்கள். ராத்திரியில் உங்களைத் தூங்கவிடாதது எது என்று ஊகிக்க முடிகிறது.

விலக்கு முழுதாக ஒரு வருஷம் நின்றுவிட்ட பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது விலக்கு அல்ல. ‘உடம்புச் சூடு’, ‘வயலில் குனிந்து வேலை பார்த்தது’, ‘திரும்ப வந்துவிட்டது’ என்று நாமே அதற்குக் காரணம் கண்டுபிடிக்கக் கூடாது. இப்படி வரும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. வயதாகும்போது உள்தோல் மெலிந்து கசிந்திருக்கும், அல்லது சின்னதாக ஒரு சதை வளர்ந்திருக்கும். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உள்படலத்தில் புற்று இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் வருவதும் இப்படித் தலைகாட்டலாம். நீங்கள் அந்த ஒருவரா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உள்படலப் புற்றாகவே இருந்தாலும், முதல் கறையிலேயே வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடும். பல மாதம் மூடி வைத்துவிட்டு வருபவர்களுக்கு அப்படிச் சொல்ல முடிவதில்லை.

அந்த மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபம்தான். கோயில் விசேஷத்துக்கு விலக்கைத் தள்ளிப்போட வாங்குகிறார்களே, பெரும்பாலும் அதே ஹார்மோன் மாத்திரையைத்தான் கவுண்டரில் எடுத்துக் கொடுப்பார்கள். அது ரத்தத்தை நிறுத்தும், ரத்தம் ஏன் வந்தது என்பதை மறைத்தும்விடும். கறை நின்றது என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். அடுத்து ஒரு மாத்திரைகூடப் போடாமல், மிச்சமிருக்கும் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். எதைச் சாப்பிட்டீர்கள் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

எங்கே போவது? கும்பகோணம் அரசுத் தலைமை மருத்துவமனையின் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போடுங்கள். தஞ்சாவூர் வசதி என்றால் ராசா மிராசுதார் மருத்துவமனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயைப் பார்த்துவிட்டு “நார்மல்” என்று எழுதிக் கொடுத்தாலும் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான சோதனை. விலக்கு நின்ற பிறகு, பார்க்க வேண்டிய இடம் கர்ப்பப்பை வாய்க்கு உள்ளே ஏறிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உங்களுக்கு ஸ்கேன் எடுத்து உள்படலம் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுத் துளி சதையை உறிஞ்சி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். சுருக்கென்று வலிக்கும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

“நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும்” என்று தள்ளிப்போடுவது நம் பக்கத்துப் பழக்கம். இதற்கு அந்தக் கணக்கு வேண்டாம், இந்த வாரமே போங்கள். அம்மாவுக்குப் புற்று வந்தது கர்ப்பப்பை வாயிலா, உள்படலத்திலா என்று பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாவது கிடைத்தால் எடுத்துப் போங்கள். வாயில் வருவது வைரஸால். அது பரம்பரை நோய் அல்ல. உள்படலத்தில் வருவது சில குடும்பங்களில் தொடர்வதுண்டு. ‘கர்ப்பப்பைப் புற்று’ என்று பொதுவாகச் சொன்னால் இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஊசி போடலாமா என்றால், வேண்டாம். உள்ளே ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதை இந்த ஊசி தொடாது. உங்கள் வயதில் அதனால் பலனும் இல்லை.

சரி, மகளுக்கு வருவோம். அக்கரையில் போட்டுவிட்டார்கள், இக்கரையில் இல்லை என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. 2025 மார்ச் மாதம் மாநில பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியபோதே, 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாகத்தான் போடப்போவதாக அறிவித்தார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் தலைமடைக்கு முதலிலும் கடைமடைக்குக் கடைசியிலும் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். ஆனால் இங்கே கருகிப்போகப் பயிர் எதுவும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான, இந்த ஊசி தடுக்கிற எச்.பி.வி. வைரஸ் உடலுறவில் பரவுவது. தொற்று வந்து அது புற்றாக மாறுவதற்கும் பொதுவாகப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு வருஷம் தள்ளிப் போட்டாலும் நஷ்டம் ஒன்றும் கிடையாது. தவிர, அவளுக்கு இன்னும் 14 ஆகவில்லை. அவள் முறை தப்பிப்போகவில்லை, வரவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 20 வயது வரை ஒரே தவணையும் போதும் என்று 2022-இல் சொல்லிவிட்டது.

ஆந்திரா கதைக்கு வருகிறேன், அதில் பாதி உண்மை இருக்கிறது. 2009-10-இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த தடுப்பூசித் திட்டத்தின்போது ஏழு சிறுமிகள் இறந்தார்கள், 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. விசாரணையில் ஐந்து மரணங்களுக்கு நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, மலேரியா என்று காரணங்கள் தெரிந்தன. மற்ற இரண்டும் ஊசியால் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். பெற்றோரிடம் முறையாகச் சம்மதம் வாங்காததைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரியானது. அந்த அமளியில் நாட்டில் நடந்துகொண்டிருந்த வேறொரு ஆய்வும் பாதியில் நின்று, ஆயிரக்கணக்கான சிறுமிகள் ஒரே தவணையோடு விடுபட்டார்கள். அவர்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்ததில், அந்த ஒரு தவணையே நன்றாகக் காப்பது தெரிந்தது. இன்று ஒரு தவணை போதும் என்பதற்கு இருக்கும் முக்கியமான ஆதாரங்களில் அதுவும் ஒன்று. வாட்ஸப்பில் இந்தப் பின்பாதி வந்திருக்காது.

பிள்ளை பிறக்காது என்பது சுத்தப் புரளி. விலக்கு நாளில் தாராளமாகப் போடலாம்.

காசு கொடுத்துப் போடுவது உங்கள் இஷ்டம். உள்நாட்டு ஊசி 2023-இல் தவணைக்கு 2,000 ரூபாய் அளவில் சந்தைக்கு வந்தது, வெளிநாட்டுத் தயாரிப்பு அதைவிட அதிகம். தனியாரில் 15 வயதுக்குள் இரண்டு தவணை என்பார்கள், அதுவும் தவறில்லை. கையில் பணம் இருந்தால் போடுங்கள். நகையை அடகு வைத்துப் போட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. ஒன்று மட்டும் வேண்டாம்: மெடிக்கலில் மருந்தை வாங்கி, கேரி பேக்கில் ஐஸ் கட்டிக்கு நடுவில் வைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் யாரிடமாவது போட்டுக்கொள்வது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. சூடு பட்டாலும் கெடும், ஐஸில் உறைந்தாலும் கெடும், கெட்டது கண்ணுக்குத் தெரியாது. குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். அன்று அவள் சாப்பிட்டுவிட்டு வரட்டும், போட்ட பிறகு கால் மணி நேரம் உட்காரட்டும். இந்த வயதில் சிலர் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுவார்கள்; அதை வீடியோ எடுத்துப் போட்டுத்தான் அடுத்த புரளி கிளம்பும்.

அடுத்த முறை நாத்தனார் போன் செய்தால், அவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்று கேளுங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை இதைச் செய்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் ஆய்வு வெளியானது. இதற்கு எந்த மாவட்டத்திலும் முறை வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மகளைக் கூட்டிப்போய் ஊசி போட்ட நாத்தனார் தனக்குப் பார்த்துக்கொண்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.