காசு வேண்டாம் என்கிற ஆலோசகர்

கேள்வி: பனியன் ஏற்றுமதி செய்கிறோம். புது வீட்டுக்கு நல்ல ஓவியங்களாக வாங்க ஆசை. நண்பர் ஓர் ஆர்ட் அட்வைசரை அனுப்பிவைத்தார். 'உங்களிடம் ஒரு பைசா வாங்க மாட்டேன்' என்கிறார். நம்பலாமா மேடம்?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அப்படியானால் அவருக்குப் படியளப்பவர் விற்கிறவர். நிலத் தரகர் கதைதான். விலை ஏற ஏற அவர் கமிஷனும் ஏறும்; உங்களுக்காக ஏன் பேரம் பேசப் போகிறார்?

கோடீஸ்வரர்களுக்கே இது நடந்திருக்கிறது. 2013-இல் சுவிட்சர்லாந்தின் ஈவ் பூவியே, டாவின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வடோர் முண்டி'யைச் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி, ரஷ்யக் கோடீஸ்வரர் ரிபோலோவ்லெவுக்கு 12.75 கோடிக்குக் கொடுத்தார். 'எனக்காகப் பேசி வாங்கித் தருபவர் என்றல்லவா நினைத்தேன்' என்றார் ரஷ்யர். 'நான் வியாபாரி, என் சரக்கு, என் விலை' என்றார் பூவியே. பல நாடுகளில் வழக்கு, 2023-இல்தான் சமரசம். (அதே படம் 2017 ஏலத்தில் 45 கோடி டாலருக்குப் போனது. ஏமாந்தேன் என்றவருக்கு அடித்த யோகத்தைப் பாருங்கள்!)

நானும் முன்பு வாங்குபவரிடம் விலையில் சதவீதம் வாங்கியவள்தான். ஒருமுறை மில் முதலாளி ஒருவர் வீட்டுக்கு ஒரு படம் வந்தது. சென்னைக் கடலோரத்துச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒருவர் 1968-இல் வரைந்தது என்றார்கள். எல்லோரும் முன்பக்கத்தை ரசித்துக்கொண்டிருக்க, நான் திருப்பிப் பார்த்தேன். துணி நல்ல பழுப்பு. ஆனால் பழுப்பு வழிந்து காய்ந்த விளிம்பு, மேஜைத்துணியில் காபி கொட்டியதுபோல் தெரிந்தது. பழசாகக் காட்ட ஊற்றிய டீ டிக்காஷன்! கடலோரத்தில் அத்தனை வருஷம் இருந்ததாம். ஆணித் தலையில் பொட்டுத் துரு இல்லை. வந்த வண்டியிலேயே படம் திரும்பிப் போனது. எனக்கு அன்று கிடைத்தது ஒரு டம்ளர் மோர். 'வாங்குங்கள்' என்றிருந்தால் சில லட்சம். அன்றோடு சதவீதத்தை விட்டேன். இப்போது பார்த்துச் சொல்வதற்கே கட்டணம், நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

உங்கள் ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: கட்டணம் நான் தருகிறேன், விற்பவரிடம் எதுவும் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள், பில் விற்பவரிடமிருந்து நேராக என் பெயருக்கு வரட்டும். முகம் மாறினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பூஜை அறையில் ரவிவர்மா சரஸ்வதி இருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப் படம்; செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலும் அதுதான். அதற்கும் நூறு வயது தாண்டியிருந்தால் 1972-ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவர் கையால் வரைந்ததென்றால் பேச்சே இல்லை, தேசியக் கலைச் செல்வம். எதுவானாலும் முதலில் கற்பூரப் புகை படாத சுவருக்கு மாற்றுங்கள்.