அப்பாவின் குதிகாலில் கரும்புள்ளி: பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள்

வணக்கம் சகோதரி. அப்பாவின் குதிகாலில் ஆறு மாதமாகக் கரும்புள்ளி பரவுகிறது, கால் ஆணி என்று பிளாஸ்டர் ஒட்டுகிறார், பயாப்ஸி (தோலில் சிறு துண்டை வெட்டி எடுத்துச் சோதிப்பது) எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கத்தி பட்டால் பரவும் என்பது வீண் பயம். தாமதம்தான் ஆபத்து.

இது மெலனோமா என்ற தோல் புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருநிறத் தோலில் அது அரிதாக வந்தாலும், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. வெயில் படாத இடம் என்று அலட்சியப்படுத்தக் கூடாது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார். புள்ளியின் ஓரம் கோணல்மாணலாக, ஓரிடம் கருப்பும் ஓரிடம் பழுப்புமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பயாப்ஸியில் மெலனோமா என்று வந்தால், அறிக்கையில் ‘பிரெஸ்லோ தடிமன்’, அதாவது புற்று தோலுக்குள் இறங்கியிருக்கும் ஆழம், எவ்வளவு என்று கேளுங்கள். 1 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல தோலோடு வெட்டி எடுப்பதே பெரும்பாலும் போதும். அதைவிட ஆழமென்றால் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவையும் சோதிப்பார்கள்.

பிளாஸ்டரை இன்றே நிறுத்துங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.