படையில் இருந்தவரை நாடு கடத்தலாமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கா நாடு கடத்திய முன்னாள் படைவீரர்களுக்காக உருகி எழுதியிருந்தீர்கள். ராணுவத்தில் இருந்தாலும் குற்றம் குற்றம்தானே? குடியுரிமை வாங்காதது யார் தவறு? என் மகன் சிங்கப்பூர் நிரந்தரவாசி. அடுத்த ஆண்டு கட்டாய தேசிய சேவைக்குப் போகிறான். உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து அவன் அம்மாவுக்கு நிம்மதி இல்லை.

மு., ஈசூன்

அன்புள்ள மு.,

குற்றம் குற்றம்தான். நாடு கடத்தப்பட்ட வீரர்களில் ஒருவரான ஹெக்டர் பராஹாஸ் ஆள் இருந்த காரை நோக்கிச் சுட்டார், சிறைக்கும் போனார். ஏழு வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர், அமெரிக்க ராணுவத்தின் 82ஆம் வான்குடைப் படைப்பிரிவில் இருந்தவர். அமெரிக்காவிலேயே பிறந்தவன் இதைச் செய்திருந்தால் சிறையோடு கணக்கு தீர்ந்திருக்கும். இவரை 2004இல் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

1996இல் வந்த சட்டம் நாடு கடத்தலுக்குரிய குற்றங்களின் பட்டியலை நீட்டியது. படைச் சேவையைக் கருதி இரக்கம் காட்டும் அதிகாரத்தைப் பெரும்பாலான வழக்குகளில் நீதிபதியிடமிருந்து பறித்தது. 2013 முதல் 2018 வரை 92 முன்னாள் வீரர்கள் வெளியேற்றப்பட்டதாக அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகமே சொன்னது.

குடியுரிமை வாங்காதது யார் தவறு என்கிறீர்கள். படையில் சேரும்போது எடுத்த உறுதிமொழியே போதும் என்று நம்பியவர்கள் பலர். உயிரைக் கொடுக்க வந்தவனுக்குப் படிவம் நிரப்ப உதவுவது படையின் கடமை இல்லையா? எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று: நற்சான்றோடு விலகிய வீரர், நாடு கடத்தப்பட்டிருந்தாலும், இறந்தபின் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கமாக உரிமை உண்டு. உயிரோடு திரும்பத்தான் எளிதில் வழியில்லை. பராஹாஸுக்கு 2017இல் ஆளுநரின் மன்னிப்பு கிடைத்து, மறு ஆண்டு குடியுரிமையும் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

இது நமக்குத் தொடர்பில்லாத கதையும் அல்ல. 1949 முதல் நம் சிங்கப்பூர்க் காவல்படையில் இருக்கும் கூர்க்கா வீரர்கள், ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு நேப்பாளம் திரும்பியாக வேண்டும். ஒப்பந்தம் அப்படி, தெரிந்தேதான் வருகிறார்கள். ஆனால் இங்கேயே வளர்ந்து, இங்கே பள்ளிக்குப் போன அவர்கள் பிள்ளைகள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள்: மகன் குற்றம் எதுவும் செய்யாதவரை பயப்பட வேண்டாம்; குற்றம் செய்தால் இங்கேயும் நிரந்தரவாசத் தகுதியை இழக்க நேரலாம். பயிற்சித் தீவான தெக்கோங்குக்குப் போய் இரண்டு ஆண்டு சேவையை முடித்தாலும், நிரந்தரவாசியின் நீல ஐசி (அடையாள அட்டை) தானாகக் குடிமகனின் பிங்க் ஐசி ஆகிவிடாது. விண்ணப்பிக்க வேண்டும், இப்போதிருக்கும் கடவுச்சீட்டைக் கைவிடவும் வேண்டியிருக்கும். அதை இப்போதே மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். முடிவை அவன் எடுக்கட்டும்.