மார்வெல் வழியா, டிசி வழியா? வரிசையில் ஒன்றும் இல்லை

கேள்வி: சூப்பர்ஹீரோ படங்களை ஒரே உலகமாக இணைக்க எது சரி? மார்வெல் மாதிரி தனித்தனிப் படம் எடுத்துவிட்டுக் கடைசியில் சேர்ப்பதா, டிசி மாதிரி முதலிலேயே எல்லாரையும் சேர்த்துவிட்டு அப்புறம் தனிப்படம் எடுப்பதா?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், நண்பர்கள் குழுவில் யாரோ "டிசிக்கு அவசரம், மார்வெலுக்குப் பொறுமை, அவ்வளவுதான்" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் போல. அதே வசனத்தை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எனக்கும் காது புளித்துவிட்டது, அதனால்தான் இந்தப் பதில்.

முதல் படத்திலேயே கூட்டமாக வந்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே. 2000-ல் ஃபாக்ஸ் எடுத்த எக்ஸ்-மென்னில் எடுத்த எடுப்பிலேயே மொத்த அணியும் உண்டு, வுல்வரினுக்குத் தனிப்படம் 2009-ல்தான் வந்தது. மார்வெலே 2014-ல் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸியில் ஒரு மரத்தையும் துப்பாக்கி தூக்கிய ரக்கூனையும் சேர்த்து ஐந்து பேரை ஒரே மூச்சில் இறக்கியது. யாருக்கும் முன்கதைப் படம் கிடையாது. நன்றாகவே ஓடியது.

அப்புறம் அந்தப் "பொறுமை". அப்போது ஸ்பைடர்மேன் பட உரிமை சோனியிடம், எக்ஸ்-மென் உரிமை ஃபாக்ஸிடம். கையில் மிச்சம் இருந்த பாத்திரங்களில் பத்துப் பேருடைய திரை உரிமையை ஈடாக வைத்து, மெரில் லிஞ்ச் என்ற நிதி நிறுவனம் மூலம் 52.5 கோடி டாலர் வரைக்கும் கடன் ஏற்பாடு செய்துகொண்டு 2005-ல் சொந்தப் படத் தயாரிப்பில் இறங்கிய கம்பெனி மார்வெல். இதில் பொறுமை எங்கே இருக்கிறது? படம் ஓடியே ஆக வேண்டும். அதனால் 2008-ல் அயர்ன் மேனை அயர்ன் மேன் படமாகவே எடுத்தார்கள். உளவு அமைப்பின் தலைவர் நிக் ஃப்யூரி வந்து அவெஞ்சர்ஸ் என்கிற ஹீரோக்கள் அணியைப் பற்றிப் பேசுவது டைட்டில் எல்லாம் ஓடி முடிந்த பிறகு. படம் ஊத்திக்கொண்டிருந்தால் அந்தக் காட்சியை யாரும் நினைவுகூட வைத்திருக்க மாட்டார்கள், கதைக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதே வருடம் ஹல்க்காக நடித்த எட்வர்ட் நார்டனை மாற்றி 2012-ல் மார்க் ரஃபலோவைக் கொண்டுவந்தபோதும் எதுவும் இடிந்து விழவில்லை. பின்வாங்க இடம் வைத்துக்கொண்டே முன்னால் போனார்கள். என் கணக்கில் மார்வெல் வழி என்பது இதுதான்.

டிசி கதைக்கு வருவோம். 2016-ல் பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் படத்துக்கு அக்கா பையனைக் கூட்டிப்போனேன். காமிக்ஸ் தெரியாது, பேட்மேனும் சூப்பர்மேனும் அடித்துக்கொள்வார்கள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும், நியாயமான எதிர்பார்ப்புதானே. இரண்டு பேரும் மோதப்போகிற நேரம் நெருங்குகிறது, அப்போது பார்த்து வொண்டர் வுமன் உட்கார்ந்து லேப்டாப்பில் மின்னஞ்சலைத் திறக்கிறார். ஃப்ளாஷ் ஒரு வீடியோ, அக்வாமேன் ஒரு வீடியோ, சைபார்க் ஒரு வீடியோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனி சின்னம் வேறு, வில்லன் லெக்ஸ் லூதர் உட்கார்ந்து டிசைன் பண்ணினான் போலிருக்கிறது. "மாமா, இவங்கல்லாம் யாரு? சண்டை எப்ப?" என்று பையன் சத்தமாகவே கேட்டான், பக்கத்து வரிசையில் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் எல்லாரையும் தெரியும், ஆனாலும் பதில் சொல்ல வரவில்லை. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அடுத்த முகூர்த்தத்துக்குப் பத்திரிகை கொடுத்தது மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே கருத்தில் வந்து கிழிப்பீர்கள். நான் மார்வெல் அடிமை இல்லை. பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேனை இயக்கிய ஸ்னைடரின் நான்கு மணி நேர ஜஸ்டிஸ் லீக்கை ஒரே இரவில் உட்கார்ந்து பார்த்தவன், 2017-ல் தியேட்டருக்கு வந்த பதிப்பைவிட அது எவ்வளவோ மேல் என்றும் சொல்வேன். 2017-ல் வந்ததில் வேறொரு படத்துக்காக ஹென்றி கேவில் வளர்த்த மீசையைக் கம்ப்யூட்டரில் அழித்து, சூப்பர்மேனுக்கு உதடே இல்லாமல் பண்ணினார்களே! ஆனால் அந்த மின்னஞ்சல் காட்சி ஸ்னைடர் தலையில் மட்டும் போட வேண்டிய பழி இல்லை. 2014 அக்டோபரிலேயே டிசி படங்களை எடுக்கும் வார்னர் 2020 வரைக்கும் பத்துப் படங்களின் பட்டியலை அறிவித்துவிட்டது. அந்தப் பட்டியலில் இருந்த சைபார்க் தனிப்படம் இன்றுவரை வரவில்லை. (மார்வெலும் அதே மாதம் பட்டியல் போட்டது, அதில் இருந்த இன்ஹியூமன்ஸும் படமாக வரவில்லை, தெரியும்.) வித்தியாசம் என்னவென்றால், வார்னர் இன்னும் எடுக்காத படத்துக்காக எடுத்துக்கொண்டிருந்த படத்தின் நேரத்தைச் செலவழித்தது. தன் கதையை மட்டும் பார்த்துக்கொண்ட வொண்டர் வுமனும் அக்வாமேனும் ஓடின. அக்வாமேன் 100 கோடி டாலரைத் தாண்டியது, அத்தனை பேரையும் சேர்த்த ஜஸ்டிஸ் லீக்குக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை.

டைட்டிலுக்கு அப்புறம் வரும் காட்சி என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். 2012-ல் அவெஞ்சர்ஸ் பார்த்த தியேட்டரில், பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே லைட்டைப் போட்டு, கதவைத் திறந்து, துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார். "அண்ணே, இன்னும் ஒரு சீன் இருக்கு" என்றால் "முடிஞ்சிருச்சு தம்பி, அடுத்த ஷோ ஆளுங்க நிக்கிறாங்க" என்கிறார். புரொஜக்டரையும் நிறுத்திவிட்டார்கள். வில்லன் தானோஸ் முகத்தை முதன்முதலில் நான் பார்த்தது யூடியூபில், யாரோ செல்போனில் ஆடி ஆடி எடுத்த வீடியோவில். முழுப் படத்துக்குத்தானே டிக்கெட் காசு வாங்கினார்கள்? சரி, விடுங்கள்.

மார்வெலும் பிற்பாடு டிசி செய்ததைத்தான் செய்தது. 2023-ல் வந்த தி மார்வெல்ஸைப் புரிந்துகொள்ள இரண்டு வெப் சீரிஸ் பார்த்திருக்க வேண்டும். வசூலில் அவர்களுடைய படங்களிலேயே கடைசி இடம். சோனி ஸ்பைடர்மேனே இல்லாமல் ஸ்பைடர்மேன் வில்லன்களை வைத்து எடுத்ததைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

குழுவில் மறுபடி "வரிசைதான் முக்கியம்" என்று யாராவது ஆரம்பித்தால் 2025 சூப்பர்மேனைக் காட்டுங்கள். கார்டியன்ஸ் எடுத்த அதே ஜேம்ஸ் கன். கிரீன் லான்டர்ன், ஹாக்கேர்ள், மிஸ்டர் டெரிஃபிக் மூன்று பேரும் ஒரு அறிமுகப் படமும் இல்லாமல் நடுவில் நுழைகிறார்கள், சூப்பர்மேன் கதையில் தங்கள் வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அக்கா பையன் இப்போது காலேஜ் போகிறான். அந்தப் படத்தில் "இவங்க யாரு" என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, டெரிஃபிக்குக்குத் தனிப்படம் எப்போது வரும் என்றுதான் கேட்டான்.