லிக்விட் கூலர் மாட்டுவதற்கு முன்னால்: டெல்டா வாசகர்களின் கேள்விகள்

கத்திரி வெயில் நெருங்கினாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி சிபியு சூட்டைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணா, என்னிடம் இருப்பது ரைசன் 5 5600. 240 லிக்விட் கூலர் போட்டால் மே மாதத்திலும் 40 டிகிரியில் நிற்குமா?" (கும்பகோணம்)

நிற்காது தம்பி. லிக்விட் கூலர் ஏசி இல்லை. சிபியுவின் சூட்டைத் திரவத்தில் ஏற்றி, ரேடியேட்டர் வழியாக (240, 360 என்பது அதில் மாட்டும் ஃபேன்களின் மொத்த நீளம், மி.மீ. கணக்கில்) உங்கள் அறைக்குள்ளேயே கொட்டுகிறது, அவ்வளவுதான். அறை 36 டிகிரியில் இருந்தால் எந்தக் கூலராலும் அதற்குக் கீழே இறக்க முடியாது, லோடு ஏறினால் அதற்கு மேல்தான் போகும். உங்கள் சிபியு 65 வாட் ரகம், சிபியு மேல் மாட்டும், 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒரு நல்ல டவர் ஏர் கூலரே தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள், நம் ஊர் கரண்டுக்கு அதுதான் அவசரம்.

"360 ரேடியேட்டரை மேலே மாட்டவா, முன்பக்கம் மாட்டவா?" (மன்னார்குடி)

இடம் இருந்தால் மேலேதான். மூடிய குழாய்தானே என்று நினைக்காதீர்கள், உள்ளே கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், வருடம் போகப் போகத் திரவம் குழாய்ச் சுவர் வழியாகத் துளித்துளியாக வெளியேறுவதால் அந்தக் காற்று கூடிக்கொண்டும் போகும். காற்று எங்கே உயரமோ அங்கே போய் உட்காரும். ரேடியேட்டர் மேலே இருந்தால் அது அதன் உச்சியில் ஒதுங்கிக்கொள்ளும், பம்ப் முழுக்கத் திரவத்தில் ஓடும். பம்ப்தான் உயரமான இடம் என்றால், வயல் மோட்டார் ஏர் பிடித்துத் தண்ணீர் ஏறாமல் வெறுமனே சுற்றுமே, அதே கதிதான். பெரும்பாலான கூலர்களில் பம்ப் சிபியு மேலேயே உட்காருவதால் ரேடியேட்டரை கேஸின் அடியில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். முன்பக்கம்தான் வழி என்றால் ரேடியேட்டரின் மேல்முனை பம்பை விட உயரமாக இருக்கட்டும், குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேல் எடுத்து அளந்துவிடுங்கள். வழக்கமான ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 52 மி.மீ. கனம். உயரமான ரேம் போட்டிருந்தால் அங்கேதான் இடிக்கும்.

"சார், நானே மாட்டினேன். ஆன் செய்ததும் 95 டிகிரிக்கு ஏறி ஆஃப் ஆகிவிடுகிறது. பம்ப் போய்விட்டதா?" (திருவாரூர்)

அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் கூலரைக் கழற்றி அடியில் உள்ள செம்புத் தகட்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதை உரிக்காமலேயே மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. என் பெஞ்சுக்கு வந்த ஒன்றில், சூடு கடத்த சிபியுவுக்கும் தகட்டுக்கும் நடுவே பூசும் பேஸ்ட் அந்தத் தாளின் மேல் வட்டமாக, அழகாகப் பரவியிருந்தது, தகடு மட்டும் கடையில் வாங்கியபோது இருந்த அதே பளபளப்பில் இருந்தது.

தாள் இல்லை என்றால் அடுத்து கூலரை மதர்போர்டில் பூட்டும் பிராக்கெட். இன்டெல் சிபியுவுக்கான எல்ஜிஏ 1700 போர்டில் துளைகளின் இடைவெளி 78 மி.மீ., அதற்கு முந்தைய 1200 போர்டில் 75 மி.மீ. பழைய பிராக்கெட்டை வைத்து இழுத்துப் பூட்டினால் தகடு சரியாக அமராது. ஸ்க்ரூவையும் ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அப்புறம் பம்ப் ஒயர்: போர்டில் பம்புக்கென்று தனி பின் இருந்தால் அதில் செருகி, பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) முழு வேகத்தில் விடுங்கள். ஆன் செய்து பம்பின் மேல் விரலை வைத்தால் லேசான அதிர்வு தெரிய வேண்டும். அதுவும் தெரியவில்லை என்றால்தான் பம்ப் மேல் சந்தேகப்படலாம்.

"பம்ப், ரேடியேட்டர், குழாய் எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே கஸ்டம் லூப் போடுகிறேன். ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?" (நாகப்பட்டினம்)

வேண்டாம். ஆர்ஓவில் வடித்தாலும் உப்பு கொஞ்சம் மிஞ்சும், உங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கென்றே விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள், துருத் தடுப்பானும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும் அதிலேயே கலந்திருக்கும். சிபியு மேல் அமரும் செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். நிரப்பியதும் மதர்போர்டுக்கு கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் பேப்பர் காட்டிவிடும்.

"ஆறு மாதத்திலேயே சூடு ஏறிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் நெல் களம்." (பாபநாசம்)

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். சம்பா அறுவடை முடிந்ததும் ஒரு முறை ஃபேனைக் கழற்றி ரேடியேட்டரைப் பாருங்கள், துடுப்புகளுக்கு நடுவே தூசியும் நெல் சுணையும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு ப்ளோயரால் ஊதினால் போதும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும்.